முன்சக்கரத்துக்குக் கறுப்பு டயர்

வீப்கா எங்கள் ஊர்க் கால்வாயில் படகு வந்தால் பாலத்தைத் தூக்கி இறக்குகிறவள். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. போய்வருவது மோட்டார் வைத்த ஒரு பழைய சைக்கிளில். முன்சக்கரத்துக்கு மேலே சின்ன மோட்டார். அதன் உருளை டயரை அழுத்திக்கொண்டு சுழன்றால் வண்டி ஓடும். டயர் தேய்ந்துபோனால் மழையில் உருளை வழுக்கும்.

போன செப்டம்பரில் அப்படித்தான் ஆயிற்று. பாதி வழியில் மோட்டார் சும்மா உறும, அவள் மிதித்துக்கொண்டே பாலத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு மணல் படகு காத்துக்கிடந்தது.

"என்னம்மா, நல்ல தூக்கமா?" என்று படகுக்காரர் கத்தினார்.

அன்று சாயங்காலமே கணவன் டவுவேயோடு ஓன்னோவின் சைக்கிள் கடைக்குப் போனாள். அவளுடைய வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தவன் டவுவேதான். அவனிடமும் அதேமாதிரி வண்டி ஒன்று உண்டு. பத்து நாளில் பழைய வண்டிகளின் ஊர்வலம் வேறு.

"ரெண்டு பேருக்கும் க்ரீம் கலர் டயர் போடுவோம். பச்சைக்கு எடுப்பா இருக்கும்," என்றான் டவுவே.

வீப்கா க்ரீம் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். நகம் பதிந்தது. "இது மெத்துன்னு இருக்கே ஓன்னோ. உருளை இதைத் தின்னுடாதா?"

"தின்னுடும்க்கா. வேலைக்குப் போற வண்டின்னா இதை எடுங்க." நடுவில் தடித்த பட்டை ஓடிய கறுப்பு டயரை எடுத்து வைத்தான் ஓன்னோ.

"ரப்பர் பூட்ஸ் மாட்டின மாதிரி இருக்கு," என்றான் டவுவே.

"மழை ஊர்ல பூட்ஸ்தான் போடணும்." அவள் முன்சக்கரத்துக்குக் கறுப்பு வாங்கினாள். அவன் முகம் வாடியதைப் பார்த்துப் பின்சக்கரத்துக்கு மட்டும் க்ரீம் வாங்கினாள். டவுவே தன் வண்டிக்கு இரண்டும் க்ரீமே போட்டுக்கொண்டான்.

ஊர்வலத்தன்று மழை பிடித்துக்கொண்டது. கடல்நீரைத் தடுக்கக் கட்டிய அணைக்கரையின் ஏற்றத்தில் ஒவ்வொரு வண்டியாக உருளை வழுக்க, வீப்கா சீராக ஏறிப் போனாள். உச்சியில் நின்று ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். இரண்டாவது கப் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது டவுவே மிதித்து மிதித்து வந்து சேர்ந்தான். மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் சொல்லாதே," என்றான்.

"நான் என்ன சொன்னேன்? காபி குடி."

முடிவில் அழகான வண்டிக்கான பரிசு டவுவேக்குக் கிடைத்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு உலர்ந்த சாசேஜ். வீட்டுக்கு வந்ததும் ஈர சாக்ஸைக் கழற்றிப்போட்டு, இருவரும் ரொட்டியோடு அதை வெட்டித் தின்றார்கள்.

"டயரை மாத்தப்போறியா?" என்று கேட்டாள் வீப்கா.

"எதுக்கு? நான் வெயில்ல மட்டும்தானே ஓட்டுறேன்," என்று சொல்லி அவன் இன்னொரு துண்டு வெட்டினான்.