தொட்டியில் மிதந்த மஞ்சள்

வைகையில் நீச்சல் பழக வேண்டுமென்றால் முதலில் வருண பகவானுக்கு மனுப் போட வேண்டும். வருடத்தில் பாதி நாள் அங்கே வெறும் மணல்தான். அதனால்தானோ என்னவோ, தல்லாகுளத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த எங்கள் பெரியப்பா, ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் வாகை மரத்தடியில் தாமும் ஒன்று கட்டினார். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பெரிய தொட்டி, அவ்வளவுதான். ஆனால் யாராவது அதைத் தொட்டி என்று சொல்லிவிட்டால் மனிதருக்கு முகம் சிவந்துவிடும்.

குளத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. காலையில் பெரியப்பா, சாயங்காலம் பிள்ளைகள். பெண்களுக்குக் கிணற்றடி இருக்கிறது. எண்ணெய், சீயக்காய், மஞ்சள் எதுவும் அந்தத் தண்ணீரில் படக் கூடாது. பட்டால் தோட்டத்துக் கதவைப் பூட்டிச் சாவியைக் கோர்ட்டுக் கச்சேரிக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். எனக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சித்திரையில்தான் கையைக் காலை உதறி மிதக்கப் பழகியிருந்தேன். பூட்டு என்ற பேச்சை எடுத்தாலே ஓடிப்போய்த் தோட்டத்துக் கதவைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் காலை தோட்டத்திலிருந்து பெரியப்பாவின் கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீரின் மேல் மெல்லிய மஞ்சள் படலம். பெண்கள் எல்லாரும் வரிசையாக நிறுத்தப்பட்டார்கள்.

"யாரு உள்ள இறங்குனது? உண்மையச் சொல்லிருங்க."

"ஆமா, எனக்கு வேற சோலி இல்ல பாருங்க! உங்க தொட்டியில வந்து முங்குறதுக்கு" என்றாள் பெரியம்மா.

"தொட்டியா?"

விசாரணை சிறிது நேரம் அந்தத் திசையில் போய்த் திரும்பியது. அம்மாவும் இல்லையென்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அத்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அத்தை பெரியப்பாவின் கடைசித் தங்கை. கல்யாணமான மறுவருடமே புருஷனை இழந்து வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்துவிட்டவள். பூவும் பொட்டும் போலவே மஞ்சளும் அவளுக்கு விலக்கு. அவளிடம் போய் மஞ்சள் பூசினாயா என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

அவளே மெல்லச் சொன்னாள்: "வாகை பூத்துக் கொட்டுதுல்லண்ணே. அந்தப் பூத்தூளாத்தான் இருக்கும்."

பெரியப்பா அண்ணாந்து பார்த்தார். குற்றவாளி தலைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது! அன்றைக்கே ஆள் வைத்துக் குளத்தின் பக்கம் சாய்ந்த கிளைகளையெல்லாம் வெட்டச் சொன்னார். "அம்புட்டையுமா வெட்டணும்? பாவம்ணே" என்று அத்தை சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு, சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, கமலை மாடுகளை ஓட்டிக் கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். மாடுகளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

மறுநாள் காலை, மறுபடியும் மஞ்சள். அதுவும் படிக்கட்டுப் பக்கம் மட்டும்.

பெரியப்பா இந்தத் தடவை கத்தவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளினார். முகர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெண்களைப் பார்த்தார். பெரியம்மா அவரை முறைத்தாள். அம்மா என் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். அத்தை மட்டும் தரையைப் பார்த்தபடி, முந்தானையை இழுத்து இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

பெரியப்பா கையிலிருந்த தண்ணீரை உதறினார்.

"பாசி" என்றார்.

"பாசி பச்சையால்ல இருக்கும் பெரியப்பா!" என்றேன். நானும் ஒரு கை அள்ளி மோந்து பார்த்தேன். "அம்மா பூசுற மஞ்ச வாசந்தான் அடிக்குது!"

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். உயிர் போய்விட்டது.

"மொதல்ல மஞ்சளாத்தான் பிடிக்கும், பெறகுதான் பச்சையாகும். எனக்குத் தெரியாதா?" பெரியப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "பாசி வழுக்கும். இனிமே விடியக்காலம் ஒருத்தரும் அங்கிட்டுப் போகக் கூடாது. நானும் வெயில் ஏறித்தான் போவேன். கதவைப் பூட்ட வேண்டாம், சும்மா சாத்தி வச்சாப் போதும்."

அத்தை விருட்டென்று உள்ளே போய்விட்டாள். பெரியம்மா ஏதோ கேட்க வாயெடுத்தாள். பெரியப்பா ஒரு பார்வை பார்த்தார். அதோடு அந்த வழக்குத் தள்ளுபடி.

பூட்டு இல்லை என்றதும் எனக்கு ஒரே கொண்டாட்டம். ஆனாலும் மனசு ஆறவில்லை. கச்சேரியில் பெரிய பெரிய வக்கீல்களே யோசனை கேட்கிற பெரியப்பா, பாசிக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாமல் இப்படி ஏமாறலாமா? வெட்கமாக இருந்தது. அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்த அத்தையிடம் போய் முறையிட்டேன்.

அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது.

"ஆமாடி. எங்கண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

நானும் அதை ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.