கமலாக்கா அறைக்குப் போன ஒயர்

அம்மையார்குப்பம் துளசிங்கத்துக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. திருத்தணி நூல் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம், எண்பத்தேழில், அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதிலிருந்து ஒயர் இழுத்து மூன்று அறைகளில் திரையும் கீபோர்டும் மட்டும் உள்ள மூன்று டெர்மினல் வைத்திருந்தார்கள். எது மக்கர் பண்ணினாலும், "இன்னா நைனா, இன்னா ஆச்சு உனுக்கு?" என்று அதையே விசாரித்துவிட்டுத்தான் துளசிங்கம் ஸ்குரூ டிரைவரை எடுப்பான்.

கணக்குப் பார்க்கும் கமலாக்கா சாயங்காலம் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் டெர்மினல் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடிவிடுவாள். அணைத்ததுமே கம்ப்யூட்டர் அவள் பேரில் திறந்திருக்கும் கணக்கை மூடிவிட வேண்டும். மற்ற அறைகளில் அப்படித்தான் மூடியது. இவள் அறையில் மட்டும் மூடவில்லை. காலையில் முதல் ஆளாக வந்து அங்கே உட்காரும் ஸ்டாக் குமாஸ்தா சிங்காரம் சுவிட்சைப் போட்டால், அவள் விட்ட இடத்திலேயே திரை வந்து நிற்கும். அவர் பாட்டுக்கு நூல் கட்டுகளை ஏற்றுவார். எல்லாம் கமலாக்கா பேரில் விழும்.

"அறுபதாம் நம்பர் நூலை நான் கண்ணால கூடப் பாக்கல. எம் பேர்ல எப்பிடி வந்துச்சு?"

"எம் பேர்ல ஏறுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா" என்று சிங்காரம் முழித்தார்.

துளசிங்கம் டெர்மினலை மாற்றிப் பார்த்தான். கோளாறு அங்கேயே இருந்தது. கம்ப்யூட்டரின் முதுகில் அந்த ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் சொருகினான். கோளாறும் ஒயரோடு கூடவே போனது. ஒயர் முனையைப் பிரித்தபோது விஷயம் விளங்கியது. டெர்மினல் ஓடுகிறதா, அணைந்துவிட்டதா என்று சொல்லும் கம்பியே அதில் இல்லை. ஒயர் போட்ட ஆள் ஒரு துண்டுக் கம்பியை வளைத்துப் பற்றவைத்து, எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைத்திருந்தான்.

துளசிங்கம் விட்டுப்போன கம்பியைச் சேர்த்துப் புது ஒயர் இழுத்தான். சுவிட்சை அணைத்ததும் கணக்கு மூடிக்கொண்டது. சிங்காரமே கைதட்டினார்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மத்தியானம் கரன்ட் ஒரு சிமிட்டு சிமிட்டியது.

"தம்பீ! பாதிக் கணக்கு போச்சே!"

கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. டெர்மினல் மட்டும் அணைந்தது. அணைந்த சேதி புதுக் கம்பி வழியாக ஒழுங்காகப் போய்ச் சேர, கம்ப்யூட்டரும் கமலாக்காவை ஒழுங்காக வெளியே தள்ளிவிட்டது. மற்ற அறைகளில் வரிக்கு வரி பதிந்துவிடுவதால் இரண்டொரு வரிதான் போகும். இவள் கணக்கோ கூட்டிச் சரிபார்த்த பிறகுதான் பதியும்; காலையிலிருந்து போட்டது மொத்தமும் போயிற்று.

"முந்தி கரன்ட் போய் வந்தாலும் உட்ட எடத்துலயே நிக்கும். பழையபடியே பண்ணிக் குடுத்துடு."

"பண்ணா சிங்காரண்ணன் நூலெல்லாம் உங்க தலையிலதான் விழும்க்கா."

அழுகிற நிலையில் இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துளசிங்கத்துக்குத்தான் வரவில்லை. நல்லது என்று செய்தது அவளுக்கு அரைநாள் உழைப்பைத் தின்றுவிட்டதே என்று மனசு அடித்துக்கொண்டது.

பேட்டரி இன்னும் ஒரு சாமானைத்தான் தாங்கும். அந்த இடத்தில் அவனுடைய மேஜை ஃபேன் ஓடியது; கம்ப்யூட்டர் அறையில் அதற்கு வேறு பிளக் கிடையாது. கம்ப்யூட்டர் அறைக்கு ஏ.சி. வரப்போகிறது என்று சங்கத்தில் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபேனைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து கமலாக்கா அறைக்குக் கரன்ட் ஒயர் இழுத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை கரன்ட் போனபோது கமலாக்காவின் திரை அசையவில்லை. நன்றி சொல்ல வந்தவள், முதுகோடு ஒட்டிய சட்டையோடு அவன் உட்கார்ந்திருப்பதையும், மூலையில் கிடந்த ஃபேனையும் பார்த்தாள்.

"பைத்தியமா நீ? கத்திரி வெயில்ல..."

"ஆங், அதுக்கு இன்னாக்கா இப்ப?"

மறுநாளிலிருந்து வெயில் தணிகிற வரைக்கும் தூக்கு நிறைய மோர் கொண்டுவந்தாள். சிங்காரமும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு தவறாமல் வந்து நின்றார்.