கிராஃப்டனில் இறங்கிவிடும் அக்கா

மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் இப்போது 'தன்னம்பிக்கை எழுத்தாளர்' என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ரானுயி என்ற புறநகரிலிருந்து புறப்படும் காலை ரயில் ஞாபகம் வந்துவிடும். அந்த நாட்களில் நான் எழுத்தாளர் இல்லை. தன்னம்பிக்கையும் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இருந்ததில்லை.

திருச்சியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிது. சிட்டியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஊரில் என் கல்லூரித் தோழி ஒருத்திக்கு வேலை போய், வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். அவளுக்காக ரயிலில் உட்கார்ந்து தினமும் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். இன்றைக்குத் தலைக்குக் குளி, கடைவரைக்கும் நடந்து போய்விட்டு வா, இப்படித்தான் இருக்கும். சுற்றி இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

ஒருநாள் எதிர் சீட்டிலிருந்து குரல் வந்தது. "ஆருக்குப் பிள்ளை ஒவ்வொரு நாளும் இப்பிடிக் கதைக்கிறீர்?"

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"ஃப்ரெண்டுக்குக்கா. தொந்தரவா இருந்தா நிறுத்திடறேன்."

"ஐயோ, நிப்பாட்டாதையும். நேற்று நீர் சொல்லி முடிக்க முந்தி நான் இறங்கவேண்டி வந்திட்டுது. மிச்சத்தைச் சொல்லும்."

யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை வேலை. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் மெல்பர்னில். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். நான் பேசுவேன், அக்கா மாண்டரின் ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே கேட்பார். கிராஃப்டனில் அவர் இறங்கிவிடுவார். அடுத்த ஸ்டேஷனான நியூமார்க்கெட்டில் ரயில் திசை மாறும். முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தவள் பின்னோக்கிப் போக ஆரம்பிப்பேன். அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் அக்கா சொன்னதெல்லாம் மனதில் ஓடும்.

இதையெல்லாம் புத்தகமாக்கு என்று முதலில் சொன்னதும் அவர்தான். எழுத எழுத வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில், மனதார நினைத்தால் எதுவும் நடக்கும் என்று எழுதியிருந்தேன். அக்கா ஒரு சுளையை என்னிடம் நீட்டினார்.

"நினைச்சு நடக்குமெண்டால் என்ர மனுசன் இருந்திருப்பார், பிள்ளை."

கோபமே இல்லாமல் சொன்னார். சுளையை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

"அப்போ எப்படிக்கா சமாளிச்சீங்க?"

"விடிஞ்சா வேலைக்குப் போனன். வேறென்ன செய்யிறது? பிறகு ஒருநாள் பாத்தா, பசிச்சுது."

அந்த வரியை அன்றே வெட்டினேன். நினைத்தது நடக்காதபோது மறுநாள் காலையை எப்படிக் கடப்பது என்று புத்தகமே வேறு பக்கம் திரும்பியது.

பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு சின்ன ஹாலை எடுத்து வெளியீடு வைத்தோம். நல்ல மழை, பாதி நாற்காலிகள் காலி. மைக்கைப் பிடித்ததும் எனக்கு வார்த்தையே வரவில்லை. துணிச்சலைப் பற்றி ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியவள், வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் இருந்த அக்கா பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"மைக்கை விட்டிட்டு இஞ்ச வந்து இரும். எங்களோட கதையும்."

போய் உட்கார்ந்தேன். பின்வரிசைக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். மழைச் சத்தத்தில் ஒருவர் தோளில் ஒருவர் இடிக்கிற மாதிரி நெருங்கி உட்கார்ந்து பேசினோம். ஹாலைப் பூட்ட ஆள் வந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அதன்பின் புத்தகம் தானாக நடந்தது. சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் போனது. ஊரில் அந்தத் தோழி ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அலுவலகத்தை விட்டேன், வீடு மாறினேன். மகளுக்குப் பிரசவம் என்று மெல்பர்னுக்குப் போன அக்கா அங்கேயே தங்கிவிட்டார்.

இப்போது எழுத எனக்கென்று ஓர் அறை, கதவைச் சாத்தினால் நல்ல அமைதி. அந்த அமைதியில் ஒரு பத்தி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து போய் டீ போடுகிறேன். கூட்டங்களுக்குக் காரில்தான் போவது.

போன மாதம் புதுப் புத்தகத்தை அக்காவுக்கு அனுப்பினேன். வாசித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஓம், நல்லாத்தான் இருக்கு. ஆனா நீர் எழுதேக்க குறுக்க ஒருத்தரும் கதைக்கேல்லைப் போல."

பின்னணியில் பேரன் எதையோ போட்டு உடைத்தான். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டார்.