பிறை வெட்டிய தாலி

என் அக்கா வீட்டுக் கதவில் அத்தான் சாக்கட்டியால் போட்ட பெருக்கல் குறி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மலாய் நாட்டில், காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட பலகை வீடு அது. தமிழ்ப் பள்ளியில் எனக்குப் புதிதாக ஆசிரியை வேலை கிடைத்து, அவர்களோடு தங்கியிருந்தேன். ஒரு நாள் பள்ளி விட்டு வந்தால் கதவு, சன்னல், அரிசி டின், அக்காவின் கட்டில் கால் என்று எங்கு பார்த்தாலும் அந்தக் குறி. “இது தவ். எபிரெயத்துல கடைசி எழுத்து. ஆதியில இப்படித்தான் எழுதுனாங்க. இந்தக் குறி இருக்கிற வீட்ட அழிவு தொடாது” என்றார். அத்தான் எங்கள் சபையின் உபதேசியார், விளையாட்டுப் பேச்சே தெரியாதவர். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

அதற்கு முன்பு சில மாதங்கள் அவர் சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் எபிரெயம் படித்துவிட்டு வந்திருந்தார். பழைய எழுத்துகளையும் புறஜாதிகளின் சிலைகளையும் வரைந்த படத்தாள் ஒன்றும் கூடவே வந்தது. முதல் எழுத்தான ஆலெப், மாட்டுத் தலையிலிருந்து பிறந்ததாம். புறஜாதிகள் கும்பிட்டதும் அந்த மாட்டைத்தானாம். மறுநாளே எங்கள் பால் டின்னில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். பாகால், அஸ்தரோத், தம்மூஸ் என்ற வேதத்தின் பொய்த் தெய்வங்கள் எல்லாம் அதுவரை எங்களுக்கு ஞாயிறு வாசிப்பில் நாக்கு தடுக்கும் பெயர்கள், அவ்வளவுதான். அத்தான் வந்த பிறகு அவர்கள் எங்கள் சந்திலேயே குடிவந்துவிட்டார்கள். நாடு விடுதலை பெறப்போகும் சந்தோஷத்தில் கடைத்தெரு முழுவதும் புதுக்கொடி பறந்தது. அதிலிருந்த பிறையைப் பார்க்காமல் இருக்க, இந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டே சைக்கிள் ஓட்டிப் போய்க் காய்கறி வண்டியில் மோதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை.

அக்காவின் முதல் பிள்ளை முந்தைய வருடம் இறந்தே பிறந்தது. அது ஜூலை மாதம். யூதர் கணக்கில் அதுதான் தம்மூஸ் மாதம் என்று கண்டுபிடித்த அன்று அத்தான் சாப்பிடவே இல்லை. இப்போது அக்காவுக்கு மறுபடியும் ஏழு மாதம். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்த, பல தலைமுறையாக மலாயே பேசும் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள், எங்கள் கதவைப் பார்த்துவிட்டு, “ஜாங்ஙான் தாக்கோட்” என்று மலாயில் அக்காவுக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள். பயப்படாதே என்று சொல்வது எளிது. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்ற பயத்தில் அந்த வீட்டில் மூன்று பேரும் மெதுவாகத்தான் மூச்சு விட்டோம்.

ஒரு சனிக்கிழமை பகல் சாப்பாடு. அக்கா குனிந்து குழம்பு ஊற்றியபோது தாலி சேலைக்கு வெளியே வந்து ஆடியது. அத்தானின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அவருடைய தாத்தா காலத்தில் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தபோது, பழைய தாலியை உருக்க மனமில்லாமல் அதன்மேலேயே ஒரு சிலுவையைப் பற்றவைத்திருந்தார்கள். மாமியார் வழியாக அக்காவுக்கு வந்தது அது. சிலுவைக்குக் கீழே மெல்லிசாக ஒரு பிறை. அத்தான் படத்தாளை எடுத்து வந்து, தலையில் பிறை சூடிய அஸ்தரோத்தின் பக்கத்தில் விரலை வைத்தார். “இவளத்தான் நாம கழுத்துல சுமந்திருக்கோம். பிள்ளைய எடுத்தது இவதான். கழத்து” என்றார்.

அக்கா தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அவர் சொல்லுக்கு அவள் மறுசொல் சொல்லி நான் கேட்டதே இல்லை. “மாட்டேன். நான் இதக் கழத்துனா ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிடும்.”

“அது அஞ்ஞானம்.”

“நீங்க சொல்றது மட்டும் என்னவாம்?”

ஒருவருக்குப் பிள்ளை செத்துவிடும் என்ற பயம், மற்றவளுக்குப் புருஷன் செத்துவிடுவான் என்ற பயம். எது சரி என்று யாராவது கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. படித்தவள்தான், ஆனால் இரண்டையும் நான் நம்பினேன். ஒரு வாரம் அக்கா தூங்கும்போதும் தாலியைப் பிடித்தபடியே படுத்திருந்தாள். பிறகு ஒரு காலையில் வயிற்றில் அசைவு குறைந்தது போலத் தோன்றவும், தானாகவே வந்து, “கெளம்புங்க, வெட்டிடலாம்” என்றாள்.

பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில், பிள்ளையார் கோவிலிலிருந்து சில கடைகள் தள்ளி ஓர் ஆசாரியின் பட்டறை. அத்தான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “மாசமா இருக்கிற புள்ள கழுத்த மூளியா விட்டுட்டு நான் நெருப்ப தொடமாட்டேன் ஐயா. மொதல்ல மஞ்சக் கயிறு கட்டுங்க.” மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றையும் அவரே எடுத்து நீட்டினார். எபிரெயம் படித்த உபதேசியார் கோவில் மணி கேட்கும் தூரத்தில் மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கோலம் எனக்கு மறக்காது. வியர்வை தாடையில் சொட்டியது. வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே மூன்று முடிச்சும் போட்டார். தாலி கழுத்தை விட்டு இறங்கியபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டு என் கையை நகம் பதியப் பிடித்தாள். ஆசாரி பிறையை வெட்டினார், சிலுவை மட்டும் அக்கா கழுத்துக்குத் திரும்பியது. துண்டை வாங்கி அத்தான் ஆற்றில் எறிந்தார்.

மகள் உயிரோடு பிறந்தாள். அழுகைச் சத்தம் கேட்டு ஆஸ்பத்திரி நடையில் அத்தான் முழங்காலில் விழுந்தார். அன்றோடு அவர் பயம் தீர்ந்தது. படத்தாளைச் சுருட்டிப் பரணில் போட்டார், கதவுக் குறிகளைத் தானே துடைத்தார், தெருவில் தலை நிமிர்ந்து போனார். அக்காவுக்குத்தான் தாலி கழற்றிய பயம் அன்று தொடங்கியது. சபைக் கூட்டம் முடிந்து அவர் வரக் கொஞ்சம் பிந்தினாலும் வாசலுக்கு வந்துவிடுவாள். சைக்கிள் மணி கேட்ட பிறகுதான் உட்காருவாள். அவருக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பாள். வருடக்கணக்காக, பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் இப்படியே. இதை அத்தான் கடைசி வரை கவனிக்கவில்லை.

நல்ல வயதாகி, படுக்கையிலேயே அமைதியாகப் போனார் அவர். அடக்கம் முடிந்து வந்ததும் அக்காவுக்குத் துணையாக இருக்கலாம் என்று உள்ளே போனேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். “இனிமே அவருக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்டாள். ஆகாது என்று தலையாட்டினேன். படுத்தவள் மறுநாள் வெயில் ஏறும்வரை அசையாமல் தூங்கினாள்.