எதிர்த் திசையில் போன பஸ்

எங்கள் தோட்டத்துப் பஸ்ஸை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். இப்படி எழுதுவதுகூட ஒரு தப்பித்தல்தான். நிறுத்தலாம் என்று டிப்போவுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான் மட்டும்தான்.

ஓப்பநாயக்கவிலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே ஏறினால் அந்தத் தோட்டம் வரும். அங்குள்ள தமிழ்ப் பாடசாலையில் நான் அதிபராக இருந்தேன். என் வீடு கீழே டவுனில். ஆசிரியர்களில் பாதிப் பேர் டவுனிலிருந்தும் மீதிப் பேர் பலாங்கொடையிலிருந்தும் வந்தார்கள். எல்லோரிடமும் மாதச் சீசன் டிக்கெட் இருந்தது.

அந்தப் பஸ் இரவில் தோட்டத்திலேயே நிற்கும். டிரைவரும் கண்டக்டரும் அதற்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் முறைவைத்து அவர்களுக்கு ரொட்டியும் சம்பலும் கொடுத்தார்கள். இருட்டு விலகுவதற்குள் பஸ் பலாங்கொடைக்கு இறங்கிவிடும். அங்கே திரும்பி, வழியில் எங்களை ஏற்றிக்கொண்டு மேலே வரும். மத்தியானமும் அப்படித்தான். கீழேயிருந்து ஏறி வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு இறங்கும்.

நாங்கள் ஏறும்போது பஸ்ஸில் பாதி இருக்கை காலியாக இருக்கும். அரசாங்கம் எங்கள் ஒன்பது பேருக்காக இவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிறதே என்று பகிடி பண்ணிக்கொள்வோம். நாங்கள் வரும் திசைக்கு எதிர்த் திசையில் அது யாரை ஏற்றிக்கொண்டு போகிறது என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்தச் சமயத்தில் லீசிங்கில் ஒரு வேன் வாங்கினேன். தவணை கட்ட என் சம்பளம் போதாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒரு நாள் இடைவேளையில் ஆசிரியர் அறைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் சீசன் டிக்கெட், பலாங்கொடையில் காலைத் தேநீர், மழை நாளில் சந்தியிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ. மறுபக்கம் வேனின் டீசலையும் தவணையில் ஒரு பகுதியையும் ஒன்பதால் பிரித்தது. வேன் பக்கம் கொஞ்சம் குறைவாகவே வந்தது. வீட்டு வாசலில் ஏற்றி வாசலில் இறக்குவேன் என்றேன். டயர், சேர்விஸ், காப்புறுதி எதையும் எழுதவில்லை. அந்த மலைப் பாதையில் கிளச் பிளேட் எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் எழுதவில்லை. கணிதம் படிப்பித்தவன் நான். விட்டது மறதியால் அல்ல.

அடுத்த மாதம் யாரும் சீசன் எடுக்கவில்லை. சில மாதங்கள் கழித்து டிப்போவிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. உங்கள் பாடசாலைக்கு இந்தச் சேவை தேவையா என்று கேட்டிருந்தார்கள். என் சிங்களம் நன்றாக இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நான்கே வரியில் பதில் எழுதினேன்: எங்கள் ஆசிரியர்கள் சொந்த வாகனத்தில் வருகிறார்கள், பஸ்ஸை வேறு பாதைக்கு மாற்றுவதில் பாடசாலைக்கு ஆட்சேபம் இல்லை. அந்த மாதக் கடைசியில் பஸ் நின்றுபோனது.

இரண்டு வருடத்துக்கு மேல் நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

பிறகு நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன காலம் வந்தது. மூன்று நாள் வரிசையில் நின்று கிடைத்த டீசல் ஒரு வாரம் வந்தது. அதன் பிறகு வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. வேனை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு நாள் பாடசாலைக்கு நடந்தே ஏறினேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த உடம்பு. நாலாவது கிலோமீட்டரில் சப்பாத்துக்குள் அட்டை புகுந்துவிட்டது. பாதையோர மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"என்னங்க சேர், வேனுக்குக் காய்ச்சலா?" என்றாள் ஒருத்தி.

"காய்ச்சல் இல்லடி, பட்டினி," என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு மலை முழுவதும் ஓடியது. ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இறங்கி வந்தாள். அவளை எனக்குத் தெரியும். அவளுடைய மூத்த மகன் எங்கள் பாடசாலையில் படித்தவன். இடுப்பில் சொருகியிருந்த சவர்க்காரத் துண்டைத் தண்ணீரில் நனைத்து என் காலில் தேய்த்தாள். அட்டை கழன்று விழுந்தது. போத்தலில் வைத்திருந்த சாயத்தண்ணியை, பால் விடாத தேநீரை, மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் பதினொரு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை நின்றது. அது என்னையே பார்த்து, இரண்டு கையாலும் பெரிய ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் காட்டி, விரலை மேல்நோக்கி விரித்தது.

"என்ன சொல்லுது?"

"பஸ்ஸு எப்ப வரும்னு கேக்குறா சேர். வெள்ளச் சட்ட போட்ட ஆள் யாரக் கண்டாலும் கேப்பா. எம் மக. காது கேக்காது அவளுக்கு."

"பஸ்ஸுல எங்க போகணும் அவளுக்கு?"

அவள் சொன்னாள். பலாங்கொடைப் பக்கம் ஒரு சிங்களப் பாடசாலையில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. இந்தப் பிள்ளை அங்கே இரண்டு வருடம் படித்தது. விடியற்காலையில் தாய் அதைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விடுவாள். கண்டக்டர் ஒரு சிங்களவர். அவர் பிள்ளையை டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்காரவைத்து, பாடசாலை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, கையைப் பிடித்துக் காவலாளியிடம் விட்டுவிட்டு வருவார். மத்தியானம் அதே பஸ், அதே ஆள், அதே இருக்கை. மத்தியானம் வந்த பிள்ளை மலைக்குக் கீழே இறங்கி நிற்கும். தாய்க்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், குறையாது.

"இப்ப?"

"ஆட்டோவுல போனா என் ஒரு நாச் சம்பளமும் பத்தாதுங்க. நான் கூடப் போனா அன்னைக்கிப் பேரே விழாது. நிறுத்திட்டேன். மலைக்குக் கூட்டிட்டு வந்து நெழல்ல ஒக்கார வைக்கிறேன்."

"எங்க வேன்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். காலையில் வேன் மேலே ஏறுகிறது. பிள்ளை கீழே இறங்க வேண்டும். மத்தியானம் வேன் இறங்குகிறது. பிள்ளை ஏற வேண்டும்.

"பஸ்ஸ ஏன் நிறுத்துனாங்கன்னு தெரியுமாங்க சேர்? நாங்க கேட்டோம். ஆள் இல்லன்னுட்டாங்க. காலையில நிக்க எடமில்லாமத்தானே போவோம்?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவள் கொடுத்த சாயத்தண்ணி அப்போதும் என் கையில் இருந்தது. செய்த தவறுகளில் கடிதத்தைவிட எனக்கு அதிகம் வலிப்பது இந்தப் பொய்தான்.

ஒரு வாரம் அதே பாதையில் நடந்தேன். ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளை ஸ்டியரிங்கைத் திருப்பிக் காட்டியது. எட்டாம் நாள் பெரட்டுக்களத்துக்கே போய், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். கரும்பலகைக் கணக்கையும் சொன்னேன்.

அவள் தலையிலிருந்த கூடைக் கயிற்றைக் கழற்றாமலே நின்றாள்.

"நீங்களா எழுதுனீங்க?"

"நான்தான்."

"எங்க ஆளுங்க நூறு பேரு கத்துனாலும் ஒரு பஸ்ஸ நிறுத்த முடியாது. நீங்க நாலு வரியில நிறுத்திட்டீங்க." கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப அந்தக் கையாலயே இன்னொண்ணு எழுதுங்க."

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் வேலை கொடுத்தாள். அதற்காக இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

எழுதினேன். பதில் வரவில்லை. எண்ணெய் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் டிப்போவுக்கே போனேன். அங்கிருந்த அத்தியட்சகர் என் புதிய கடிதத்தை வாசித்தார். அலுமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்து, அதிலிருந்த என் பழைய கடிதத்தைப் புதியதன் பக்கத்தில் வைத்தார்.

"லியும் தெகம ஒயாகெ நேத, மஹத்தயா?" என்றார்.

ஆம், இரண்டும் என்னுடையவைதான் என்றேன். முதலாவது ஏன் எழுதப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தேநீர் வரவழைத்தார். பஸ் குறைவு, டிரைவர் குறைவு என்றார். கூட்டம் கூடும் குறையும். சீசன் என்றால் மாதம் முழுவதும் நிச்சயமான காசு, அதைக் காட்டித்தான் மேலிடத்தில் பஸ் கேட்க முடியும் என்றார். உங்கள் ஆசிரியர்களின் சீசன் விண்ணப்பங்களைக் கொண்டுவாருங்கள், முயற்சி செய்கிறேன் என்றார்.

வேனை விற்றேன். அன்றைக்கு வாகனங்களுக்கு நல்ல விலை இருந்ததால் லீசிங்கை அடைத்து முடிக்க முடிந்தது. ஆகவே அதைத் தியாகம் என்று சொல்ல மாட்டேன். கடினமாக இருந்தது ஆசிரியர் அறைதான்.

"இல்லாத பஸ்ஸுக்கு சீசனா சேர்?" என்றார் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இளம் ஆசிரியர்.

"அன்னைக்கி இதே போர்டுலதான் பஸ்ஸு நட்டம்னு காட்டுனீங்க," என்றார் ஆசிரியை ஒருவர். "இன்னைக்கி லாபம்னு காட்டப் போறீங்களா?"

"இல்ல டீச்சர். இன்னைக்கும் உங்களுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். சந்தியில நிக்கணும், நனையணும். நான் அன்னைக்கி முழுக்கணக்குப் போடல. அதத்தான் சொல்ல வந்தேன்."

காது கேளாத பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆசிரியைதான் முதலில் படிவத்தை வாங்கினார். "எழுதித் தாறேன். ஆனா பஸ்ஸு லேட்டானா வரவுப் புத்தகத்துல செவப்புக் கோடு போடக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்," என்றார். மோட்டார் சைக்கிள்காரர் இரண்டு நாள் கழித்துப் படிவத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஏழு பேர் கொடுத்தார்கள். அந்த ஏழு பேருக்கும் நான் எப்போதோ நன்றி சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

எட்டு மாதம் டிப்போவுக்கு ஏறி இறங்கினேன். பிறகு ஒரு நாள் பஸ் வந்தது. பழைய பஸ், ஏற்றத்தில் அது மூச்சுவாங்குவது இரண்டு வளைவுக்கு முன்பே கேட்கும்.

பிள்ளை திரும்பப் பாடசாலைக்குப் போனது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விட்ட வருடங்களால் அதைத் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். முதல் வாரம் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததாகத் தாய் சொன்னாள். அழுதாலும் ஏற்றிவிட்டேன் என்றாள். பழைய கண்டக்டர் வேறு டிப்போவுக்கு மாறிப் போயிருந்தார். புதியவர் இளைஞர், அவசரக்காரர். ஆனால் பாடசாலை வாசலில் நிறுத்துவதற்கு மறுத்ததில்லை.

நான் ஓய்வு பெற்றேன். எனக்குப் பிறகு இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து கார் வாங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சீசன் குறைகிறது என்று கேள்விப்பட்டதும் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய், இன்னொரு மனு எழுதலாம் என்று அந்தப் பிள்ளையின் தாயிடம் சொன்னேன்.

"உங்கள நம்பிக்கிட்டே ஒக்காந்திருக்க முடியுமா சேர்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர்கள் ஏற்கனவே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். பலாங்கொடையில் கடைகளிலும் தையல் நிலையங்களிலும் வேலை செய்யும் லயத்துப் பெண்கள் பதினான்கு பேர் சீசனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர்களே டிப்போவுக்குப் போவதாகவும் முடிவாகியிருந்தது. எனக்கு ஒரே ஒரு வேலை வைத்திருந்தார்கள். அந்த விண்ணப்பங்களின் மேலே வைக்கும் கடிதத்தைச் சிங்களத்தில் எழுத வேண்டும்.

அவள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். எழுதி முடித்துக் கையெழுத்திடுவதற்காகத் தாயிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உள்ளே திரும்பிக் கையை அசைத்தாள். மகள் வந்தது. இப்போது அது என் தோள் உயரம். கடிதத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குப் போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தது.

"தப்பா எடுக்காதீங்க சேர்," என்றாள் தாய். "எங்க வீட்டுல சிங்களம் வாசிக்கிற ஆள் அவதான்."

"சரியாப் பாக்கச் சொல்லுங்க," என்றேன்.

மூன்றாவது வரியில் விரல் நின்றது. பஸ் புறப்படும் நேரத்தை நான் கால் மணி பிந்தி எழுதியிருந்தேன். அது என் பேனாவைக் கேட்டு வாங்கி, அதை வெட்டிவிட்டுச் சரியான நேரத்தைத் தெளிவான எழுத்தில் மேலே எழுதியது. கடைசி வரிவரை வாசித்தது. பிறகுதான் கடிதத்தைத் தாயிடம் கொடுத்தது.