றெக்கைக்கு வைத்த குறி

கவரைப்பேட்டையில் ஆணியும் பெயிண்டும் விற்கும் அசன் முகைதீன் பாய்க்கு எதிர்வீடு என்னுடையது. பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஏர்கன்னைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிப் புறம்போக்குக்கு வேட்டைக்குப் போனவர். அவரால் அங்கே எந்தப் பறவைக்கும் ஓர் இறகுகூட உதிர்ந்ததில்லை.

அதற்கும் காரணம் வைத்திருந்தார். "குண்டு பட்டதும் செத்துட்டா நமக்கு ஆவாது. உசுரு இருக்கச்சொல்லவே பிஸ்மி சொல்லி அறுக்கணும். அதான் றெக்கைக்கு குறி வெக்கிறேன். றெக்கை ஆடிக்கினே இருக்குது, நான் இன்னா பண்ண?"

மார்க்கத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினால் நாம் என்ன பேசுவது? பறவையைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்று மட்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "உழுந்தாதான குத்தம்?" என்றார்.

2005 ஜனவரியில் வினை வந்தது. புது மருமகன் முஜீப் முதல் விருந்துக்கு வந்திருந்தார். மகள் சமீனா அப்பாவின் வேட்டைக் கதைகளை அப்படியே நம்பி வளர்ந்த பெண். ஒன்று விடாமல் புருஷனிடம் ஒப்பித்திருந்தாள். "மாமா, கௌதாரி பிரியாணி துன்னதே இல்ல" என்றார் மாப்பிள்ளை. "நாளைக்கு துன்றீங்க" என்று பாய் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பாயின் மனைவி ஆபிதா உடனே கறிக்கடைக்கு ஆளனுப்பி, காலையில் ரெண்டு பிராய்லர் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை காதில் விழும்படி சொன்னதுதான் பாய்க்குச் சுருக்கென்று குத்தியது.

மறுநாள் விடியற்காலை, கடையில் லோடு வண்டி ஓட்டும் முனுசாமியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். தை மாதப் பனி கண்ணை மறைத்தது. ரயில் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. கருவேல மர மறைவில் இருவரும் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கரைமேல் ஒரு கௌதாரி வந்து நின்றது. பாய் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். சுட்டார்.

விழுந்துவிட்டது!

பாய் கத்தியோடு ஓடினார். ஒரு செருப்பு சேற்றில் போனது. போய்ப் பார்த்தால் குண்டு நெற்றியில் பாய்ந்திருந்தது. தூக்கி உலுக்கினார். மூஞ்சியில் தண்ணீர் தெளித்தார். "ஒரே ஒருவாட்டி கண்ணத் தொறடா" என்று கெஞ்சினார். கௌதாரி கேட்கவில்லை.

"யாருக்கு பாய் தெரியப் போவுது? அறுத்து எடுத்துக்கினு போ" என்றான் முனுசாமி.

"எனக்குத் தெரியும்ல?" என்றார் பாய். பன்னிரண்டு வருஷம் வாய்கூசாமல் கதை விட்ட மனுஷன், இதில் மட்டும் அசையவில்லை. "நீ எடுத்துக்கினு போய் ஊட்ல ஆக்கித் துன்னு."

மத்தியானம் நானும் பந்தியில் இருந்தேன். பாய் நடந்ததை நடந்தபடி சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேட்டைக் கதையை ஒன்றும் சேர்க்காமல் சொன்னார். "அப்படியா மாமா" என்றார் மாப்பிள்ளை, ரொம்ப மரியாதையாக. சமீனா தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டாள். "சரி சரி, கை கழுவிக்கினு வந்து சாப்புடுங்க" என்றாள் ஆபிதா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையிடம் சொல்வதுபோல. பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது, ஆனால் நானும் நம்பவில்லை.

ரெண்டு வாய் சாப்பிட்டிருப்போம், வாசலில் முனுசாமி குரல். கையில் அதே கௌதாரி, இறகுகூடப் பிடுங்காமல்.

"பாய், நீயே வந்து என் ஊட்டுக்காரிகிட்ட சொல்லு. 'பாய் சுட்டு கௌதாரி உழுமா? எங்கியோ செத்துக் கெடந்தத பொறுக்கினு வந்துட்ட'ன்னு அடுப்பே பத்த வெக்க மாட்டேங்குறா பூவம்மா."

முஜீப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார். "மாமா! நட்ட நடு நெத்தியில பட்டுக்குது மாமா!" சமீனா கை தட்டினாள். பாயின் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நெஞ்சை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ஆபிதாவும் வந்து பறவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"றெக்கைக்குதான குறி வெச்சீங்க?" என்று கேட்டாள்.

பாய் எச்சில் கையோடு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு, பூவம்மாளிடம் சாட்சி சொல்லப் போய்விட்டார்.