மணிக்கட்டில் பார்த்த அத்தர்

அத்தரைக் குப்பியில் முகர்ந்து முடிவு சொல்லக் கூடாது என்பார் என் அண்ணன். குளிர்ந்த கண்ணாடிக்குள் அது மருந்துக்கடை போலத்தான் மணக்கும். தோலில் பட்டு உடம்புச் சூடு ஏறினால்தான் அதன் குணம் தெரியும். முதலில் லவங்கமும் ஏலமும் மூக்கில் குத்தும். மதியத்துக்குள் அவை அடங்கி, தணலில் போட்ட சாம்பிராணியின் கதகதப்பு மெல்ல மேலே வரும். சாயங்காலம் வரை நின்றால் நல்ல சரக்கு. நிற்காவிட்டால் "தண்ணி" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவார்.

கோயமுத்தூரின் பழைய கடைவீதியில் அவருக்கு ஒரு சிறிய அத்தர் கடை. நாள் முழுக்க எல்லா எண்ணெயிலும் புழங்குகிற கை என்பதால் அவர் தோலில் எதை வைத்தாலும் தனியாகத் தெரியாது. மதினிக்கோ வாசம் பட்டாலே தும்மல். அதனால் புதிதாக எதைக் கலந்தாலும் என் மணிக்கட்டில்தான் வைத்துப் பார்ப்பார். எனக்குக் கல்யாணமாகி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரான பிறகும் அது தொடர்ந்தது. வாசம் பூசிக்கொண்டு தெருவில் இறங்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஆகவே நான் வெளியே போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே வருவார். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு வைப்பார், டீ குடிப்பார், போய்விடுவார். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மறுபடி வந்து, "கையக் காட்டு கண்ணு" என்பார். கண்ணை மூடிக்கொண்டு முகர்வார்.

என் வீட்டுக்காரர் மவுத்தானபோது மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். வெளியே போகாமல் வீட்டோடு இத்தா இருந்த மாதங்களில் எனக்குப் பூவும் இல்லை, வாசமும் இல்லை. விதவைக்கு அதுதான் முறை. இத்தா முடிந்த அன்று அண்ணன் ஒரு குப்பியோடு வந்தார். கூடத்தில் குடும்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கையைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"நீ ஒண்ணுக்கும் விசனப்படாத கண்ணு. உம் புள்ள நம்ம ஊட்டுக்குத்தான் வரோணும். எம் பையனுக்குத்தான்."

நான் அழுதேன். அவரும் அழுதார். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் கையில் அத்தர் வைத்தாலும், அந்த வாக்கை இன்னொரு முறை சொல்வதாகவே எனக்குப் பட்டது.

மகள் வளர்ந்தாள். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அண்ணன் மகன் பெருநாளைக்கு வந்தால் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். அவன் போனதும் அவன் குடித்த டம்ளரை மட்டும் தானே கழுவி வைப்பாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு நல்ல இடம் கேட்டு வந்தபோது, "எங்க அண்ணன் பையன் இருக்கறானுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நோன்புப் பெருநாள் கழிந்ததும் அண்ணன் ஒரு புதுக் கலவையை ஆரம்பித்தார்.

"இது கடைக்கு இல்ல கண்ணு. எம் பையன் நிக்காவுக்கு."

நிக்காஹ் முடிந்ததும் ஒருவர் குப்பியோடு சபையைச் சுற்றி வந்து எல்லார் கையிலும் அத்தர் தடவுவது எங்கள் வழக்கம். ஒற்றை மகன் கல்யாணத்தில், கடையில் யாருக்கும் விற்காத ஒன்றைத் தடவ வேண்டும் என்பது அவர் ஆசை. பெண் யார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பெற்ற மகளின் பெயரை யாராவது கேட்டுத் தெரிந்துகொள்வார்களா?

வாராவாரம் வந்தார். ஒரு வாரம் குங்குமப்பூவைக் கூட்டினார். அடுத்த வாரம் ஜாதிக்காயைக் குறைத்தார். அகில் சேர்த்த அன்று மட்டும் வெகுநேரம் என் கையை விடவேயில்லை. அவர் போன பிறகு நான் மகளைக் கூப்பிட்டு, என் மணிக்கட்டை அவள் மணிக்கட்டோடு சேர்த்து அழுத்துவேன்.

"உன் நிக்காஹ் வாசம்டி."

"போங்கம்மா! பிரியாணி அண்டாவத் தொறந்த மாதிரி இருக்குது" என்று சிரிப்பாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அந்தக் கையில் சோப்புப் போட மாட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வரவில்லை. சரக்கெடுக்க வெளியூர் போகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். சாயங்காலம், அவர் கடைக்குப் பக்கத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டுச் சேலை, கசங்கிய முகம், பஸ்ஸில் வந்த களைப்பு. சலாம் சொல்லி என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

வாசம் முதலில் வந்தது. லவங்கம், குங்குமப்பூ, அடியில் அகில். கடைக்கு இல்லாததை இந்த அம்மாவுக்கு எப்போது கொடுத்தார் என்று ஒரு நொடி பொறாமைகூடப் பட்டேன்.

"ஏனுங்க டீச்சரம்மா, மேலுக்கு இப்ப எப்படியிருக்குதுங்க?"

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கறேன்."

"அப்பாடா! எந்திரிக்க முடியாத காச்சல்னு உங்க அண்ணன் சொன்னாருங்க. சொந்த அத்தை இல்லாம பையனுக்கு நிச்சயமான்னு எல்லாருக்கும் ஒரே இதாப் போச்சு. சபையில அத்தர் தடவறப்ப ஈரோட்டுப் பொண்ணு ஊட்டுக்காரங்ககூட உங்களக் கேட்டாங்க. அதான் ஊட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வாரேனுங்க."

அவர் என் கைகளை இன்னும் விடவில்லை. நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர் போன பிறகு காலி டம்ளர் அங்கே இருந்தது.

வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து கடையைத் திறந்திருந்தார். வாடிக்கை யாரும் இல்லை.

"சரக்கெடுக்கத்தான் போனீங்களா அண்ணா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். சாட்சி சொல்லட்டும் என்றுதான் நீட்டினேன்.

அவர் குனிந்தார். பழக்கதோஷம், கண்ணை மூடி, முகர்ந்தார்.

"நல்லாப் புடிச்சிருக்குது. லவங்கந்தான் சித்தெ தூக்கல், இல்ல?"

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். குப்பிகளை இப்படியும் அப்படியுமாக நகர்த்த ஆரம்பித்தார்.

"அவுங்களாத் தேடி வந்தாங்க கண்ணு. ஈரோட்டுல மஞ்ச மண்டி, ஜவுளின்னு பெரிய கை. பையனும் செரின்னுபோட்டான். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"எனக்குக் காச்சல்னு சொல்ல மட்டும் தெரிஞ்சுதா?"

"நல்ல காரியத்துல, சபை நடுவுல, வேற என்னத்தச் சொல்றது?"

"வாராவாரம் எங் கையப் புடிச்சீங்களே. ஒரு வாரம் சொல்லியிருக்கலாமே. அந்தக் கல்யாணத்து அத்தர எதுக்கு எங் கையில வெச்சீங்க?"

அவர் உண்மையிலேயே குழம்பிப் போனார். "வேற யாரு கையில பாக்கறது? உன் தோல்லதான கண்ணு அது நிக்குது" என்றார்.

அதில் பொய் இல்லை. அதனால்தான் இன்றுவரை அந்தச் சொல்லிலிருந்து என்னால் எழுந்து வர முடியவில்லை. அவருக்கு என் கை வேண்டியிருந்தது. அந்தக் கைக்கு ஒரு மகள் இருந்தாள் என்பது அவர் கணக்கில் வரவேயில்லை.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டேன். சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். வெந்நீர் பட்டதும் வாசம் இன்னும் எழும்பியது. மகள் சினேகிதி வீட்டிலிருந்து திரும்பியவள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"மாமா வந்துட்டாங்களா? வரலைன்னீங்க?"

சிரித்துக்கொண்டே மணிக்கட்டை நீட்டினாள். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவள் கை நீட்டியபடியே நின்றது. வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்டுவிடக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டு, "அப்ப அது அந்தப் புள்ளையோட வாசமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணனும் மதினியும் பத்திரிகை வைக்க வந்தபோது நான் உள்ளேயே இருந்துகொண்டேன். தாம்பாளத்தை மகள்தான் வாங்கினாள். போக வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"போலாம்மா. போகலைன்னா மறுபடியும் உங்களுக்குக் காச்சல்னு சொல்லிப்போடுவாங்க."

ஈரோட்டு மண்டபத்தில் பெண்கள் பக்கம் நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நிக்காஹ் முடிந்து, பெண் வீட்டைச் சேர்ந்த ஒரு அம்மா குப்பியோடு வரிசையாக வந்தார். எல்லாரும் புறங்கையை நீட்டினார்கள். வாசம் நெருங்கிக்கொண்டே வந்தது. மகளைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய நீட்டு கண்ணு" என்றார் அந்த அம்மா அவளிடம்.

"வேண்டாங்க. நாங்க இத எங்கூட்டுலயே பூசிப்போட்டோம்."

குரல் தெளிவாகவே இருந்தது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை; சிரித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பெருந்துறை தாண்டும் வரை வெயிலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள், அல்லது தூங்குவது போல இருந்தாள். ஒரு கை அவள் மடியில் கிடந்தது. இன்னொரு கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நான் மணிக்கட்டை அழுத்தியது எப்போதும் அந்தக் கையில்தான்.